காகிதப் பொட்டலம்

ஒரு கையால் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் காகிதப் பொட்டலத்தோடு சுகரா பேகம் கேட்டருகே குனிந்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் இன்பராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையோ கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, காகிதத்தைக் கசக்கியபடி அவள் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

இன்பராஜ் ஓடிப்போய்ப் பார்த்தான். கறியும் இல்லை, எலும்புத் துண்டும் இல்லை. கடித்து விளையாட என்று கம்பெனியிலிருந்து அவன் கொண்டுவந்து போட்ட வெள்ளை முடிச்சை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்து, அவன் நாய் சிங்காரி சாதுவாகக் கடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள முழுங்கிடுச்சு," என்றான் மனைவி சோபனாவிடம். "அங்க பாரு, சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சுக் கை கழுவுறாங்க. கறி வாசனை போவணும்ல!"

சிங்காரியின் வயிற்றில் முடி கொட்டி, தோல் தடித்துச் சிவந்திருந்தது. ஓயாத சொறிச்சல், அடிக்கடி பேதி. மாட்டுக்கறிதான் ஆகவில்லை போலிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு மாதத்துக்குச் சோறும் மீனும் தவிர வேறு எதுவும் அதன் வாயில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்பராஜ் வீட்டில் கறி எடுப்பதையே நிறுத்திவிட்டான். புண் மட்டும் ஆறவில்லை.

"இந்த மாசம் வரைக்கும் பாப்பேன்," என்றாள் சோபனா. "அப்புறம் எங்க ஊருக்கு, கலவைக்கு அனுப்பிடு. அண்ணனோட பம்புசெட்டுல கட்டிக்கிட்டும். புள்ள தவழ ஆரம்பிச்சிட்டான், நாயி புண்ணோட சுத்துது."

கம்பெனி வாசலில் மழையில் நனைந்து நடுங்கிய குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் அவன். தன் காலடி கேட்டால்தான் அது சாப்பிடும். கலவையில் யார் காலடிக்குக் காத்திருக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை சுகரா பேகம் அனுப்பிய பிரியாணி டப்பாவை, கறி வீட்டுக்குள் வரக்கூடாதென்று திறக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. குடித்தனம் வந்த நாளிலிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டவளை இப்போது திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. கேட்டின் ஓரமாக, வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். முக்காடு தெரிந்தது. காகிதம் சரசரத்தது.

"கையும் களவுமா மாட்டினீங்களா!" என்று எழுந்தான். "வாயில்லா ஜீவன்கா அது! அது மேல உங்களுக்கு இன்னா கோவம்?"

சுகரா பேகம் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். "இன்னாப்பா இது, பேய் மாதிரி எழுந்திரிக்கிற!"

"பொட்டலத்தப் பிரிங்க."

"நீயே பிரி. எனக்கும் வேலை மிச்சம்."

பிரித்தான். உள்ளே, எச்சில் ஊறி நுனி பிய்ந்த வெள்ளை முடிச்சு. சிங்காரி வாலை ஆட்டியது.

"உன் நாயி கடிச்சு உருட்டுது. கேட்டுக்கு அடியில உருண்டு வந்து தெனமும் எங்க வாசப்படியில கெடக்குது," என்றாள். "நாய் எச்சில் கையில பட்டா தொழுவ முடியாது. அதான் காகிதத்துல எடுத்து உள்ள தள்ளிட்டு, கைய கழுவிட்டுப் போறேன். கூப்பிட்டுக் குடுக்கலாம்னா, நீதான் டப்பாவ மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பிட்டியே."

இன்பராஜுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிங்காரி சொறிந்துகொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றான் கடைசியில். "டாக்டரு மாட்டுக்கறியே ஆவாதுன்னுட்டாரு. கண்ணுல காட்டுறதில்ல. அப்பவும் ஆறலியேன்னு, புத்தி கெட்டு உங்களப் போயி..."

சுகரா பேகம் அவன் கையிலிருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க தோல் கம்பெனியில செய்றதுதானே?"

"ஆமாக்கா. நாய்ங்க கடிக்கிறதுக்குன்னே செஞ்சு ஃபாரினுக்கு அனுப்புறாங்க. சொறியாம இருக்கட்டும்னு தெனம் ஒண்ணு போடுறேன்."

"மாட்டுக்கறி ஆவாதுன்னா, மாட்டுத்தோல் மட்டும் ஆவுமா, தம்பி?"