வேலைக்குத்தான் இருக்காங்க

வரிசையில் அக்காதான் கடைசி.

கடையின் கீழ்த்தளத்தில், நேற்றுவரை வாளியும் குடையும் அடுக்கியிருந்த இடத்தில், புது மேனேஜர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். கடையை வாங்கிய கம்பெனி அனுப்பிய ஆள். பக்கத்தில் ஒரு சின்ன மெஷின். பேரைத் தட்டினால் பேட்ஜைத் துப்பியது. பேட்ஜ் வாங்கியவருக்கு வேலை உண்டு. பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் உண்டு. வாங்காதவர் சாயங்காலம் ஷட்டர் இறங்குமுன் வெளியே போய்விட வேண்டும்.

காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டான்.

"வேலை பாக்குறவங்கள நாங்க கைவிட மாட்டோம். பழைய முதலாளி குடும்பத்துக்கும் எங்களுக்கும் இனிமே சம்பந்தம் கிடையாது."

அக்காவுக்கு அந்த பேட்ஜ் வேண்டும். கிடைக்காவிட்டால் இன்று ராத்திரி தலை சாய்க்க இடமில்லை. மேல்மாடி குடோனில், கை உடைந்த துணிக்கடைப் பொம்மைகளுக்குப் பின்னால்தான் அவள் படுக்கை. அதை யாரோ சுருட்டிக் குப்பையோடு குப்பையாக வாசலில் வைத்தாயிற்று.

"காத்து வாங்க வந்தவன்கிட்ட எல்லாம் ஏசிக்குக் காசு வாங்கியிருந்தாலே கடை தப்பிச்சிருக்கும்" என்றாள் முன்னால் நின்ற செருப்பு செக்‌ஷன் பெண். "நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க? உங்கள அனுப்பிட்டா பொட்டலம் கட்ட இவன் தாத்தாவா வருவாரு?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சணலைச் சுண்டிச் சுண்டி அறுத்து அவள் ஆள்காட்டி விரலில் பள்ளமே விழுந்திருந்தது. இது ஒற்றை ஷட்டர் கடையாக இருந்தபோது, கடையைத் தொடங்கிய பெரியவருக்குப் பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்தவள். நடுவில் கல்யாணம் என்று போனாள். அது நிலைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கல்லாவில் பெரியவரின் மகன் சின்னவர் இருந்தார்.

மேலே ஒரு மாடி எழும்பியது. அக்காவைத் துணிக்கு அனுப்பினார்கள். இன்னொரு மாடி வந்தது, பாத்திரத்துக்கு அனுப்பினார்கள். லிஃப்ட் வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, அக்கா மாடிப்படிக்கு அடியில் பொட்டலம் கட்டுகிற மூலைக்கு வந்து சேர்ந்தாள். கடை ஏற ஏற அவள் இறங்கினாள்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இப்போது இருப்பதெல்லாம் நேற்று வந்த பிள்ளைகள்.

"பழைய பேட்ஜ் இருக்காம்மா?" அக்காவின் முறை வந்ததும் மேனேஜர் கேட்டான்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"சம்பளம் யார் குடுத்தாங்க?"

"சம்பளம்னு தனியா வாங்கினதில்லீங்க. சோறு, துணி எல்லாம் கடையிலயே ஆயிடும்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தான். "வேலைன்னா சம்பளம் இருக்கணும்ல? வந்து நிக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்க இது என்ன பஸ் டிக்கெட்டா? உங்களத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்."

தெரிந்தவர் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். சின்னவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார். கை மட்டும் இன்னும் பையில் அதைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. மகன் வீட்டுக்குப் போகிறாராம். வீட்டில் இருப்பது இரண்டே அறை என்று மருமகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். கடைக்குள் யாரும் யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும், அது பெரியவர் போட்ட சட்டம். இன்றைக்கும் அவள் அதை மீறவில்லை.

"நீங்களே சொல்லுங்க. நான் இங்க வேலைக்குத்தான இருக்கேன்?"

சின்னவர் வாசல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு வார்த்தை. உங்க வாயால சொல்லிடுங்க. இந்தக் கட்டை எங்கயாவது ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும்."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்று முணுமுணுத்தாள் பேட்ஜைக் குத்திக்கொண்டிருந்த செருப்பு செக்‌ஷன் பெண். "காலம் பூரா உழைச்சுக் கொட்டுன மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குது பாரு."

அக்கா கைகூப்பினாள்.

அந்தக் கையைக் கண்டதும் சின்னவர் பதறி ஓரடி முன்னால் வைத்தார். அவள் வேண்டாம் என்பதுபோலக் கண்ணால் தடுத்தாள். அவர் நின்றுவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆமா. வேலைக்குத்தான்... வேலைக்குத்தான் இருக்காங்க."

சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இவ்வளவுதான? இதச் சொல்றதுக்கா இத்தன யோசனை" என்று மேனேஜர் மெஷின் பக்கம் திரும்பினான். "பேரச் சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

அவன் விரல் நின்றது.

"கடைப் பேரக் கேக்கலம்மா. உங்க பேரு."

அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள். பெரியவர் அந்தப் பேரை முதலில் வைத்தது தன் மகளுக்கு, அவளுக்கு. போர்டில் எழுதி மாட்டியது அதற்கப்புறம்தான்.