கூப்பன் நம்பர்

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க தம்பி. காதுல சரியா விழல," என்றார் மொக்கைச்சாமி.

வரிசை வாசல் வரை நின்றது. கல்லாவில் இருந்த ராம்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதோடு மூணாவது தடவை.

பழங்காநத்தத்தில் ராம்கியின் சூப்பர் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பன் உண்டு. பில் போட்டதும் வாங்குகிறவரின் ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால் முப்பது ரூபாய் கழியும். எல்லோரும் ஃபோனைப் பார்த்து டக்கென்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மொக்கைச்சாமிக்கு மட்டும் அந்த நம்பர் தல்லாகுளத்தில் இருக்கும் அவர் மகன் விக்ரமின் ஃபோனுக்குப் போகும். கடையில் பேர் பதிந்தபோது ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், மகன் தன் நம்பரைக் கொடுத்திருந்தான். அப்புறம் அவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான். உசிலம்பட்டிச் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இவர் அவனைத் தலைமுழுகினார். இனி அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினார். தெருவுக்கே தெரியும்.

அதனால் அவர் பேசமாட்டார். ராம்கிதான் கடை ஃபோனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பையனாவது சட்டென்று சொல்வானா என்றால், ஜவ்வாய் இழுப்பான். பக்கத்தில் ஒரு குழந்தை வேறு கத்திக்கொண்டே இருக்கும். பெரியவர் கல்லாமேல் குனிந்து, காதை ஃபோனுக்குக் கிட்டே கொண்டுபோய், திரும்பச் சொல்லச் சொல்வார்.

குழந்தையை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போகச் சொல்லட்டுமா என்று ராம்கி ஒருநாள் கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று எரிந்து விழுந்தார்.

வரிசையில் நின்ற தங்கப்பொண்ணு, அதே தெருக்காரி, அவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"மகனைத் தலைமுழுகினாரு. முப்பது ரூவாயை முழுகல பாத்தியா."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் திரும்பவில்லை.

ராம்கி ஃபோனை கட் பண்ணினான். "ஐயா, நம்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே உங்களுக்கு நானே கழிச்சு விட்டுர்றேன். பையைப் பிடிங்க."

நல்ல மனசுப்பா என்று யாரோ சொன்னார்கள். ராம்கிக்கும் அப்படித்தான் தோன்றியது. எப்படியும் கழிகிற காசுதானே, நேரமாவது மிஞ்சும்.

பெரியவர் நகரவில்லை. சும்மா கழிக்கவேண்டாம், முறைப்படி நம்பர் கேட்டே கழிக்கணும் என்றார். ராம்கி அதற்குள் அடுத்த ஆளின் எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

"அப்ப முழு விலையே போடுங்க" என்று காசை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"ரோசத்தைப் பாரு," என்றாள் தங்கப்பொண்ணு.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வரிசை சீக்கிரம் நகர்ந்தது. உள்ளதைச் சொன்னால், ராம்கி அவரை நினைக்கக்கூட இல்லை.

அந்த ரெண்டாவது ஞாயிறு மத்தியானம் கடை ஃபோன் அடித்தது. விக்ரம்.

"அண்ணே, நம்பரே வரலையே. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதும்..."

ராம்கி நடந்ததைப் பெருமையாகவே சொன்னான். இனி வாராவாரம் உனக்கும் தொந்தரவு இல்லை என்றான்.



"தொந்தரவா? ஞாயித்துக்கிழமை காலையில நாங்க எங்கேயும் போறதில்லண்ணே. பாப்பாவைக் குளிப்பாட்டி ஃபோன் பக்கத்துலயே உக்கார வெச்சிருவோம். அவ பொறந்ததுல இருந்து அப்பா அவளைப் பாத்ததில்ல. சத்தம் மட்டும்தான் கேட்டிருக்காரு. சத்தியத்தை மீறாம அவருக்குக் கிடைச்ச வழி அது ஒண்ணுதான். மத்தபடி அவருக்குக் காது நல்லாவே கேக்கும்."



நான் வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிடுவார் என்றான் விக்ரம். அவராகவும் இனிக் கடைப்படி ஏறமாட்டார். எங்கே கண்டாலும் நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்றான்.

"நம்பர் இல்லாம கழிக்க முடியாது, புது ரூல்ஸ் வந்துருச்சுன்னு ஒரு பொய் சொல்லிருங்கண்ணே. போதும், வந்துருவாரு."

கட்டாயம் சொல்கிறேன் என்றான் ராம்கி.

அடுத்த ஞாயிறு பெரியவர் எதிர்ப்பக்கமாகப் போனார். கையில் வேறு கடைப் பை. இந்தக் கடைக்கு நேராக வந்ததும் நின்றார். உள்ளே, கல்லாவைப் பார்த்தார்.

ராம்கி பாதி எழுந்துவிட்டான்.

"ஏப்பா, எங்க எந்திரிக்கிற? அடுப்புல உலை கொதிக்குது, பில்லைப் போடு," என்றாள் தங்கப்பொண்ணு. அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் முணுமுணுத்தார்கள்.

இந்த ஒரு பில்லை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தான். முடித்து நிமிர்ந்தபோது எதிரே ஆள் இல்லை.

ஒரே ஒரு பொய்தான் சொல்லச் சொன்னான் அந்தப் பையன். அதை ராம்கி சொல்லவே இல்லை.