போகாத கட்டங்கள்

"இன்னாம்மா, மூட்டைய உள்ள எறக்கட்டுமா?"

வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு மாமனார் உலகநாதன் கேட்டார். மகாலட்சுமி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழம வரிக்கும் பொறுங்க மாமா."

மடுகரையில் அந்த வீட்டு முன்னறை எப்போதும் கரும்புக்கான உர மூட்டைகளுக்குத்தான். மல்லுக்கு நின்று அதை வாங்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, டிசைன் சென்டர் என்று எழுதி ஒட்டியிருந்தாள். மாமனார் கெட்டவர் இல்லை. ஆர்டர் வந்தால் அறை உனக்கு, வராவிட்டால் மூட்டைக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது. வில்லியனூரில் உதுமான் பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திறக்கப்போகும் அத்தர் கடைக்குப் போர்டு. அதைக் கடைத்தெருவில் நாலு பேர் நின்று பார்த்தால் அடுத்த ஆர்டர் தானாக வரும். சொதப்பினால் மூட்டை தானாக வரும்.

பாய்க்கு ஒரே ஒரு ஆசை. போர்டு முழுக்க ரோஜாத் தோட்டம், நடுவில் அவர் கடை அத்தர் பாட்டில். கண்ணாடி வழியாகப் பின்னால் இருக்கும் ரோஜா தெரிய வேண்டும். அதற்குப் பின்னணியே இல்லாத படம் வேண்டுமென்று மகாலட்சுமி போனில் தொண்டை வறள விளக்கினாள். புரிந்துவிட்டது என்று சொன்ன பாய், ரொம்பத் தாமதமாகத்தான் படத்தை அனுப்பினார்.

திறந்து பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். பாட்டிலைச் சுற்றிலும் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள். இங்கே ஒன்றுமில்லை, வெறும் இடம் என்பதை போட்டோ சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும். பாதி வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

ரோஜாத் தோட்டத்தின் மேல் பாட்டிலை வைத்தாள். கட்டங்களும் கூடவே வந்து உட்கார்ந்தன.

ஃபைலின் வகையைப் பார்த்தாள். ஜேபெக். அதில் வெறும் இடம் நிற்காது. வாட்ஸ்அப் மாற்றியிருக்கும் என்று நினைத்து, டாகுமெண்டாக அனுப்பச் சொன்னாள். அதுவும் ஜேபெக்காகவே வந்தது. யாரோ ஆப்பில் வெட்டி, ஒழுங்காகச் சேமிக்கத் தெரியாமல் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டம் படத்தோடு படமாக ஒட்டிக்கொண்டது. அந்தப் புண்ணியவானை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள்.

கணவன் கலைவேந்தன் எட்டிப் பார்த்தான். நெட்டில் ஆயிரம் பாட்டில் கிடக்கிறது, ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வா என்றான்.

"பாய் கட போர்டுல பாய் கட பாட்டில்தான் நிக்கணும்," என்றாள். அவன் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

பாட்டிலுக்கு வெளியே இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அழித்தாள். அவை ஒருவழியாகப் போய்விட்டன. ஆனால் கண்ணாடிக்குள் தெரிந்த கட்டங்கள் அசைந்து கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு அவை மட்டும் கோணல்மாணலாக வளைந்திருந்தன. கட்டத்தை வளைத்துக் காட்டும் சாஃப்ட்வேரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பாட்டிலின் அடர்த்தியைக் குறைத்துப் பார்த்தாள். ரோஜா தெரிந்தது, கட்டமும் தெரிந்தது, அத்தரோ தண்ணி டீ நிறத்துக்கு வந்துவிட்டது. சாம்பல் நிறத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாள். பாட்டிலின் ஓரமும் சேர்ந்து காணாமல் போனது. அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்று துடைத்துக்கொண்டு பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், இந்தப் படத்த யாரு செஞ்சி குடுத்தாங்க?"

"யாரும் இல்லம்மா, நானேதான் செஞ்சேன். கட்டம்லாம் சுத்தமா வுழுந்திருக்கா?"

குரலில் அத்தனை பெருமை. அந்த மனுஷரிடம் கோபப்பட அவளுக்கு வாய் வரவில்லை. கட்டம் வருவதற்கு முன்னால் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டாள். அப்படி ஒன்றை எடுக்கவே இல்லை என்றார்.

இதற்கு மேல் இந்தப் படத்தோடு மல்லாடிப் பிரயோஜனமில்லை. புதிதாக எடுத்துவிட வேண்டியதுதான். மகாலட்சுமி ஒரு வெள்ளை சார்ட் பேப்பரைச் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்ட மாமனாரிடம், திரும்பி வரும்வரை ஒரு மூட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினாள்.

வில்லியனூர் கடையில் பாய் வாய் நிறைய வரவேற்றார். போர்டு எந்த மட்டில் இருக்கிறது என்று அவர் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். எந்த ஆப்பில் செய்தீர்கள், போனைக் கொடுங்கள், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்றாள்.

பாய் விழித்தார். ஆப் எதுவும் எனக்குத் தெரியாது, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, அப்படியே கலைக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பின்னறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

ஸ்டூலின் மேல் அத்தர் பாட்டில் நின்றது. அதன் பின்னால் சுவரில், சுருக்கமே இல்லாமல் இஸ்திரி போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருந்தது, சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டம் போட்ட ஒரு புதுக் கைலி.

"பின்னால இந்த மாரிக் கட்டம் தெரிஞ்சாதான் சரியான படம்னு நீதானம்மா போன்ல சொன்ன? கட கடயா ஏறி எறங்கித் தேடிப் புடிச்சேன்," என்றார் உதுமான் பாய். "இன்னும் பொடிக் கட்டமா வேணும்னா கூச்சப்படாம சொல்லு, கடலூர்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."