அத்தானின் துடிப்பு

குழாயின் மேல் அவள் இரண்டு விரல்களை வைத்திருந்தாள்.

உள்ளே மாட்டு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கி வந்து, உறையாமலிருக்க மருந்து கலந்தது. கருஞ்சிவப்பாகப் பெட்டிக்குள் நுழைந்தது. பளிச்சென்ற சிவப்பாக வெளியே வந்தது.

உள்ளங்கையளவுப் பெட்டி. அவள் வடிவமைத்த செயற்கை நுரையீரல்.

ரத்தம் அதற்குள் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எவ்வளவு சோர்ந்த இதயம் தள்ளினாலும் வழிவிட வேண்டும். இதற்கு முன் செய்த பெட்டிகள் எல்லாம் வழியை மறித்தன. அவற்றில் ஒன்றைத்தான் கணவருக்கென்று அவசர அவசரமாகச் செய்தாள். அது உதவவில்லை.

இதயத்துக்குப் பதிலாக மேசையில் ஒரு பம்பு. ஊர் உலகத்தில் அதற்கு ஆரோக்கியமான ஆளின் துடிப்பைத்தான் கொடுப்பார்கள். இங்கே அவள் கணவரின் துடிப்பு. ஆஸ்பத்திரியில், அவருடைய கடைசி மதியத்தில், கருவி பதிந்து வைத்தது.

"அத்தானை ஓட விடவாக்கா?"

கூட வேலை பார்க்கும் ஜெனோவா தினமும் இப்படித்தான் கேட்பாள். முதலில் வாய் தவறிச் சொன்னது. பிறகு அந்தப் பதிவுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போகும். மாடிப்படியில் அவர் நின்று நின்று ஏறுவது போல.

எந்தப் பெட்டியும் பதிவின் முடிவுவரை போனதில்லை. பாதியிலேயே ரத்தம் தேங்கிவிடும். திட்டிக்கொண்டே பம்பை நிறுத்துவாள். உள்ளூர நிம்மதியாகவும் இருக்கும். முடிவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இன்று ரத்தம் தேங்கவில்லை.

பெட்டி ஜெயித்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமும் வந்தது.

திரையில் கோடு தாழ்ந்துகொண்டே போனது. ஒரு சின்ன மேடு. இன்னொன்று.

பிறகு நேர்கோடு.

அன்று டாக்டர், கருவிகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கணவரின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்த பிறகுதான் அவளால் தலையாட்ட முடிந்தது.

பம்பு நின்றது. ஜெனோவா சுவிட்சை அணைத்துவிட்டு, வழக்கம்போலப் பிளக்கையும் பிடுங்கினாள்.

விரல்களுக்கு அடியில் குழாய் துடித்தது.

ஓடிய ரத்தம் அடங்க நேரமாகும் என்று நினைத்தாள். காத்திருந்தாள்.

துடித்தது. துடித்தது. ஒன்று விட்டுப்போனது. மறுபடி துடித்தது.

தன் விரலின் நாடியாக இருக்கும் என்று இன்னொரு கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே படபடவென்று வேறு கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெனோவா வாளியை எடுத்து வந்து குழாய்க்குக் கீழே வைத்தாள். சோதனை முடிந்ததும் ரத்தத்தை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் பெட்டி பாழாகும்.

"வடிச்சிரவாக்கா? சாப்பாட்டு நேரமாச்சு."

அவள் விரல்களை லேசாகத் தூக்கினாள்.

துடிப்பு தயங்கியது. அடுத்தது வரவில்லை.

மீண்டும் வைத்தாள்.

வந்தது. கொஞ்சம் வேகமாகவே வந்தது. அவள் கையைப் பிடித்தால் அவருக்கு நாடி கூடும். வார்டில் நர்சுகள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

ஜெனோவா வாளியோடு அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீ போய்ச் சாப்பிடு," என்றாள். "என்னால இப்ப கைய எடுக்க முடியாது."