பத்துக்குப் பதிமூணு

“ஏழெல்லாம் ஒரு மார்க்கா ஷாரோன்? எங்க ஜாஸ்பினப் பாரு. ஒன்பது புள்ளி ஒண்ணு!”

நாலாவது தோசையைப் பிய்த்தபடி சொன்னாள் பியூலா மதினி. வந்த நாளிலிருந்து எல்லா தோசைக்கும் இதே சட்னிதான்.

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குத் தண்ணீர் வரும். தென்காசியில் ஷாரோன் வீட்டுக்குப் புருசனின் அக்கா வருவாள். இந்த வருசம் சென்னையிலிருந்து மகள் ஜாஸ்பினையும் கூட்டி வந்திருந்தாள். அவளும் ஷாரோனின் மகள் ஷெர்லினும் வேறு வேறு கல்லூரியில் இன்ஜினியரிங் மூணாம் வருசம். ஒப்பிட்டுப் பேச வசதியாகப் போயிற்று.

ஐந்தருவியில் குளிக்க நின்ற வரிசையில், முன்பின் தெரியாத ஒரு கோயம்புத்தூர்க்காரியிடம்கூட மதினி மகளின் சி.ஜி.பி.ஏ.வைச் சொல்லியாயிற்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பச்சை வட்டத்துக்குள் 9.1. பாறையில் செதுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் ஷாரோனும் பல்லைக் கடித்துக்கொண்டு மாவை ஊற்றியிருப்பாள்.

“தம்பி, நான் சொல்லுததக் கேளு” என்று ஷாரோனின் புருசன் ஜெபசிங் பக்கம் திரும்பினாள் மதினி. “ஏழ வச்சுக்கிட்டு உன் மக எம்.ஈ. படிச்சு என்னத்துக்கு? பாவூர்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்காங்கள்லா, அந்தப் பையனப் பேசி முடி. இன்னைக்குள்ள பதில் கேக்காங்க. டிகிரி முடிஞ்சதும் கல்யாணம்.”

ஜெபசிங் தட்டைப் பார்த்தார். அக்கா முன்னால் அவருக்கு வாய் இருப்பது தோசை தின்ன மட்டும்தான்.

“எட்டு எடுத்தா எம்.ஈ. சேத்துவிடுதேன்னு சொல்லியிருக்கேன்க்கா…”

“ஏழு எப்படிலே எட்டாவும்? சாயங்காலம் போனப் போட்டு சரின்னு சொல்லிரு.”

“பாப்போம்” என்றார் ஜெபசிங். அக்காவிடம் அவர் ‘பாப்போம்’ என்றால் ‘சரி’ என்று அர்த்தம்.

ஷெர்லின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஜாஸ்பின் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ‘ஒன்பது புள்ளி ஒண்ணுக்கு எவ்வளவு திமிரு பாரு’ என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள் ஷாரோன்.

மிக்ஸி பக்கத்தில் சார்ஜில் கிடந்த ஜாஸ்பினின் போன் ‘டிங்’ என்று வெளிச்சம் போட்டது. ஷாரோன் அடுத்தவர் போனை நோண்டுகிற ரகமில்லை. தானாக வெளிச்சம் போட்டதைப் பார்க்காமல் போகிற ரகமும் இல்லை.

லாக் போடாத போன். மார்க் கணக்குப் போடுகிற ஆப் திறந்தபடியே கிடந்தது. அதே பச்சை வட்டம், அதே 9.1. ஆனால் ஸ்டேட்டஸில் இல்லாத பாக்கியெல்லாம் இதில் இருந்தது. வட்டத்துக்கு மேலே இங்கிலீஷில் ‘டார்கெட்’. அதாவது, எடுக்க ஆசைப்படுவது. கீழே, இதுவரை எடுத்தது 5.2. அரியர் மூன்று. ஆசை நிறைவேற மீதி நாலு செமஸ்டரிலும் எடுக்க வேண்டியது, பத்துக்கு 13.

கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் இத்தனை வருசத்தில் ஒருநாளும் இவ்வளவு இனித்ததில்லை.

“ஏட்டி ஷெர்லின், இங்கன வா!”

மகள் வந்ததும் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பாத்தியா லட்சணத்த? பத்துக்குப் பதிமூணு! ஆண்டவரே இறங்கி வந்து பரீட்சை எழுதினாலும் பத்துதான் போடுவான். இரு, இத அப்படியே உங்கத்தை தட்டுல கொண்டு வைக்கேன். அஞ்சாவது தோசைக்குத் தொட்டுக்கிடட்டும்.”

ஷெர்லின் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். “வேண்டாம்மா.”

“அங்கன உன் கல்யாணத்தையே முடிச்சுக்கிட்டு இருக்காவட்டி!”

“அந்த ஒன்பது புள்ளி ஒண்ண நான்தாம்மா போட்டேன்.”

ஷாரோன் நீட்டிய போனைத் திருப்பி மறுபடியும் பார்த்தாள்.

“வந்த அன்னைக்கே மார்க்கக் காட்டுன்னு அத்தை ஒத்தக்கால்ல நின்னாங்க. ஜாஸ்பின் பாத்ரூமுல உக்காந்து அழுதா. அரியர் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாங்களாம். நான்தான் டார்கெட்டப் போட்டு, அந்த நம்பர மட்டும் வெட்டி அத்தைக்கு அனுப்பிவிட்டேன். அரியர எழுதி முடிக்கிற வரைக்கும் தாக்காட்டலாம்னு. தினமும் மாடியில அவளுக்குக் கணக்குதான் சொல்லிக்குடுக்கேன். அத்தை ஸ்டேட்டஸ் வப்பாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

“அதுக்கு உன் படிப்பு போகுதேட்டி, கூறுகெட்டவளே!”

“எனக்கு ஏழு இருக்கும்மா. எட்டு வரணும்னா மீதி நாலுலயும் ஒன்பது எடுக்கணும். கஷ்டம்தான், எடுத்துருவேன். அவளுக்குப் பதிமூணு யாரும்மா போடுவா?”

ஹாலிலிருந்து மதினியின் குரல் வந்தது. “ஷாரோன், தோசை என்னாச்சு? ஒன்பது புள்ளி ஒண்ணு பசியோட உக்காந்திருக்குல்லா!”

ஷாரோன் ஒரு கையில் தோசையோடும் மறு கையில் போனோடும் போனாள். பின்னாலேயே ஷெர்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போனைக் கண்டதும் ஜாஸ்பினின் முகம் வெளுத்தது.

“இந்தாங்க, பாவூர்சத்திரத்துக்கு நீங்க போன் பண்ண வேண்டாம்” என்றாள் ஷாரோன் புருசனிடம். “நானே பண்ணி, பிள்ளை எம்.ஈ. படிக்கப் போகுதுன்னு சொல்லிருதேன்.”

“ஏழ வச்சுக்கிட்டா?” என்றாள் மதினி.

“ஆமா மதினி. அவ கணக்குல எவ்வளவு கெட்டின்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

ஜாஸ்பின் தட்டில் தோசையை வைத்தாள். பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“முதல்ல இதுக்கு ஒரு லாக்கப் போடுட்டி. இந்த வீட்டுல இங்கிலீஷ் படிச்சவ ஒருத்தி இருக்கேன்.”