நூறு பவுண்டு காற்று

சிங்காரவேலு சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கியதும், அடி தனக்குத்தான் என்று நினைத்து மானேஜர் நாகராஜன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சம்மட்டி அவரைத் தாண்டிப்போய்ப் பக்கத்திலிருந்த புதுக் கம்ப்ரசரின் மேல் இறங்கியது.

மீட்டர் கண்ணாடி சிதறியது. இரண்டாவது அடியில் வால்வு பிய்ந்து, காற்றுக்குழாய் சீறிக்கொண்டு துள்ளி ஒரு வாட்ச்மேனின் முழங்காலைப் பதம் பார்த்தது.

"இன்னாடா பண்றே, பைத்தியக்காரா! புடிங்கடா அவன!" என்று அலறினார் நாகராஜன்.

வில்லியனூருக்கும் அரியூருக்கும் நடுவில் வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்கும் மில் அது. எழுபத்தொன்பதாம் வருஷம். ஷிப்ட் முடிந்தால் நாற்பது பேரும் தலை முதல் கால் வரை மாவாகி வந்து நிற்பார்கள். கம்ப்ரசர் குழாயைத் திறந்து, உடம்பில் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிட்டு விட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் காற்று அவர்களில் ஒருவனான சுப்புராயனைக் கொன்றுவிட்டது. குழாய் முனை பின்பக்கம் பட்டு, காற்று உள்ளே ஏறிக் குடல் கிழிந்துபோனது. என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் அவனிடமிருந்து அலறல்தான் வந்தது. இரண்டாம் நாள் அதுவும் நின்றுபோனது. பக்கத்தில் யாருமில்லை, குழாயை அவனே தவறாகப் பிடித்துக்கொண்டான் என்று மில்லில் எழுதி மூடிவிட்டார்கள்.

மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் சிங்காரவேலு அன்றிலிருந்து அந்தக் குழாயைத் தொடவில்லை. ஒட்டிய மாவோடு அப்படியே சைக்கிள் ஏறிப் போய்விடுவான். மெட்ராஸ் கம்பெனி ஆள் ஒருவன் தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து காட்டியபோது, அதை வாங்கச் சொல்லி நாலு தரம் மானேஜரிடம் போய் நின்றான். பிரஷ்ஷை உடம்பில் தடவினால் போதும், தூசி பைக்குள் போய்விடும். அடுத்தவன் மூக்கில் ஏறாது.

நாகராஜன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் இன்னொரு கம்ப்ரசரையே வாங்கினார். அது அன்று காலையில்தான் வந்து இறங்கி ஓட ஆரம்பித்திருந்தது.

இன்னொரு வாட்ச்மேனின் தடி சிங்காரவேலுவின் முதுகில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க ஸ்கூட்டர் டயருக்கு இருபது பவுண்டு காத்து போதும் சார். மனுசன் ஒடம்புக்கு நூறா?"

"குழாயைப் புடிக்கத் தெரியாதவன் செத்தா, அதுக்கு மெஷின் இன்னாடா பண்ணும்?"

"அவன் குனிஞ்சி ரெண்டு கையாலயும் கைலிய ஒதறிக்கினு இருந்தான் சார்! ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் பட்டுச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு!"

அடுத்த அடி மண்டையில் விழுந்தது. முகத்து மாவில் ரத்தம் கோடு கோடாக இறங்கியது. சிங்காரவேலு முட்டி போட்டு விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே சம்மட்டியை இழுத்து மூன்றாவது தரம் வீசினான். கம்ப்ரசரின் மோட்டார் பெயர்ந்து உருண்டது.

வாட்ச்மேன் வெறி பிடித்தவனாகத் தடியை இரண்டு கைகளாலும் ஓங்கினான்.

அந்த அடி சிங்காரவேலுவின் மேல் விழவில்லை. கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்சவள்ளி, அவன்மேல் கவிழ்ந்து தன் தோளில் அதை வாங்கிக்கொண்டாள். சுப்புராயனின் மனைவி அவள். அவன் செத்த பிறகு அதே மில்லில் கூட்டுகிற வேலைக்கு வந்தவள்.

"அடிங்கடா! எம் புருசனக் கொன்னது பத்தாதா? இவரையும் கொல்லுங்க!" என்று கத்தினாள். "அவருக்காக இந்த மில்லுல வாயத் தொறந்த ஒரே ஆளு எங்க சிங்காரண்ணன்தான்!"

அதுவரை சும்மா நின்றவர்கள் அசைந்தார்கள். ஒருவன் மண்வெட்டியை எடுத்தான். இன்னொருவன் கடப்பாரையை எடுத்தான். மாவு பூசிய நாற்பது முகங்கள் நெருங்கி வந்தன. தடி பறிபோய், வாட்ச்மேன் உதடு கிழிந்து கீழே கிடந்தான். நாகராஜனின் சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார்கள்.

"வுடுங்கப்பா... உறிஞ்சுற மெஷினையே வாங்கிடலாம்."

"எழுதிக் குடு."

நாகராஜன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் காலரை விட்டார்கள். கூட்டம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடியது.

நாகராஜன் வாட்ச்மேன்களோடு நழுவிவிட, கம்ப்ரசர் கொட்டகையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அம்சவள்ளி முந்தானையைப் பல்லால் கிழித்து ஒரு கையாலேயே சிங்காரவேலுவின் தலையில் இறுக்கிச் சுற்றினாள். அவளுடைய மற்ற கை தூக்க முடியாமல் தொங்கியது.

"கூடப் பொறந்தவன்கூட இப்பிடி நிக்க மாட்டாண்ணே. எதுக்கு உசுரக் குடுக்கப் பாத்தே?"

சிங்காரவேலு அவள் கையை மெல்ல விலக்கினான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு வெளையாட்டுக்குக் குழாய நீட்டுனது நான்தான், தங்கச்சி."