சிவப்புக் கயிறும் பேராசிரியரும்

பேராசிரியர் ஞானசிகாமணி டீ கப்பை ஜெசிந்தாவின் ஆய்வேட்டின் மேலேயே வைத்தார். அவளுக்கு முனைவர் பட்டம் தரலாமா என்று சொல்ல வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர் அவர். முப்பது வருடமாக எண்களோடு மட்டுமே புழங்கியவருக்குக் கயிறு, முடிச்சு எல்லாம் மளிகைக் கடைச் சமாச்சாரம்.

மேசையில் ஒரு சிவப்புக் கயிறு கிடந்தது. இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, தாறுமாறாகச் சிக்கலாக்கி ஜெசிந்தாதான் கொண்டுவந்திருந்தாள். கயிறு தன்னையே கடக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் குவாண்டம் குலம் என்ற கணித அமைப்பிலிருந்து ஓர் அணியை, அதாவது ஓர் எண் கட்டத்தை, எடுத்து வைத்துப் பெருக்கினாள். பலகையில் கடைசியாக ஒன்று என்று வந்தது.

"ஒண்ணுன்னு வந்தா முடிச்சே இல்ல சார். வெறும் வளையம்தான்."

"இதுவா? அஞ்சு வருஷம் ஸ்காலர்ஷிப் வாங்கிட்டு இதத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

வாய்மொழித் தேர்வைப் பார்க்க வந்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிக்கலுக்குள் இரண்டு கைகளையும் விட்டு இழுத்தார். "எங்க பிரியுது? பாருங்க!" இன்னும் பலமாக இழுத்தார். கயிறு மணிக்கட்டுகளில் இறுகியது. ஜெசிந்தாவின் வழிகாட்டி மின்விசிறியைப் பார்த்தார். யாரும் எழுந்து வரவில்லை.

"என்னம்மா பாத்துட்டு நிக்கிறீங்க? கத்தரிய எடுங்க!"

"வெட்டினா அது வளையமே இல்ல சார்."

அவள் டஸ்டரை எடுத்து, பலகையிலிருந்த ஒன்று என்ற விடையை நிதானமாக அழித்தாள்.

"அந்த விடை கயிறு தனியா இருந்தப்போ வந்தது. இப்ப உள்ள நீங்க இருக்கீங்க. கொஞ்சம் அசையாம இருங்க சார், கயிறு கடக்கிற இடத்தையெல்லாம் முதல்லேருந்து எண்ணணும்."